நீதிபதி நாற்காலியை விட்டு வகுப்பறைக்குத் திரும்பியவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குக் கறுப்பினச் சட்ட அறிஞர் வில்லியம் ஹேஸ்டி அதிகம் உதவியது நீதிபதி இருக்கையிலிருந்தா, சட்ட வகுப்பறையிலிருந்தா? இதுதான் தலைப்பு. வகுப்பறையிலிருந்துதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் 1937-ஐ இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஹேஸ்டியை வர்ஜின் தீவுகளுக்கு நீதிபதியாக நியமித்தார். அமெரிக்காவின் முதல் கறுப்பின ஃபெடரல் நீதிபதி, அதாவது மத்திய அரசு நீதிமன்ற நீதிபதி, அவர். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நண்பர் 1939-ஐத் தொடாமலே தாண்டிப் போய்விட்டார். அந்த ஆண்டு ஹேஸ்டி நீதிபதி பதவியை விட்டுவிட்டு, கறுப்பின மாணவர்களுக்கென உருவான வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு டீனாக, அதாவது கல்லூரித் தலைவராகத் திரும்பினார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. இன்று நாம் விவாதிக்கும் கேள்விக்கு அவர் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் திரும்ப வேண்டும்? நீதிபதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் முன் வரும் வழக்கைத்தான் தீர்க்க முடியும். அந்த வழக்கைத் தயார் செய்து, சாட்சியம் சேர்த்து, மேல்முறையீடு வரை தாக்குப்பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் உள்ளேயே விடவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் பால்டிமோர்காரர். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பர்களைச் சேர்க்காது என்பதால், தினமும் ரயிலேறி ஹோவர்டுக்கு வந்து படித்தார். அங்கே சார்லஸ் ஹூஸ்டன் கல்லூரியையே புதிதாகக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். 1930-ல் ஹார்வர்டிலிருந்து வந்து அவரோடு சேர்ந்த இளம் ஆசிரியர்தான் ஹேஸ்டி. ஹூஸ்டனுக்குரிய பெருமையை நான் ஹேஸ்டிக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து செய்த வேலை அது. மார்ஷல் 1933-ல் முதல் மாணவராகத் தேறி வெளியே வந்தார்.

அப்புறம் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே வாதாடினார்கள். வர்ஜினியாவின் நார்ஃபோக்கில் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவு. 1940-ல் அது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு வாங்கினார்கள். டெக்சஸில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால் பொதுத் தேர்தலில் ஜெயித்த மாதிரி. அந்த உட்கட்சித் தேர்தலில் கறுப்பர்களுக்கு வாக்கு கிடையாது. 1944-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அந்தத் தடையை உடைத்தது. அப்போது ஹேஸ்டி நீதிபதி அல்ல, டீன். இப்படிப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் போகும் முன் ஹோவர்டில் ஒத்திகை நடக்கும். பேராசிரியர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பார்கள், மாணவர்களும் கேட்பார்கள். எந்த வாதம் நிற்கும், எது நொறுங்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நடுவர் அவர்களே, ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாலி மர்ரி, ஹேஸ்டி டீனாக இருந்த காலத்தில் அங்கே சேர்ந்தவர், வகுப்பில் ஒரே பெண். 'தனித்தனி, ஆனால் சமம்' என்று கறுப்பர்-வெள்ளையர் பிரிவினைக்குப் பச்சைக்கொடி காட்டிய 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நேரடியாகவே தாக்கலாம் என்று வகுப்பில் வாதிட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தது சமமாக இல்லை என்று நிரூபிப்பதுதான் அன்றைய வழி. மர்ரி விடவில்லை. 25 ஆண்டுக்குள் அந்தத் தீர்ப்பு கவிழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் 10 டாலர் பந்தயம் கட்டினார், அதையே ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதிக் கொடுத்தார். பள்ளிப் பிரிவினை வழக்குக்குத் தயாராகும்போது அதே ராபின்சன் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார். மர்ரி பட்டம் பெற்றது 1944. பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது 1954. எந்த நீதிபதி இருக்கையில், நண்பர்களே, ஒரு மாணவி தன் ஆசிரியரோடு இப்படி மோத முடியும்?

'1949-லிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தாரே, அந்தக் காலம் வீணா?' என்று எதிரணித் தலைவி கேட்டார். வீணே இல்லை அம்மா. அந்தப் பதவிக்குப் போன முதல் கறுப்பினத்தவரும் அவரே, பிறகு தலைமை நீதிபதியாகவும் ஆனார். ஆனால் 1954-ல் ஒரே நாளில் தீர்ப்பான ஐந்து பள்ளிப் பிரிவினை வழக்குகளில் ஒன்றுகூட ஹேஸ்டியின் முன் விசாரணைக்கு வரவில்லை. உச்ச நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர்களைப் பாருங்கள். தென் கரோலினாவுக்கு மார்ஷல். வர்ஜினியாவுக்கு ராபின்சன். கான்சஸுக்கு ராபர்ட் கார்ட்டர்; ஹேஸ்டி டீனாக இருந்தபோது, 1940-ல் பட்டம் வாங்கியவர். வாஷிங்டனுக்கு ஹோவர்டு பேராசிரியர் ஜேம்ஸ் நாப்ரிட்டும் வழக்கறிஞர் ஜார்ஜ் ஹேஸும். ஐந்தில் நான்கு வழக்குகளை ஹோவர்டுக்காரர்கள் வாதாடினார்கள். அந்த நான்கையும் எதிரணி எந்தக் கணக்கில் சேர்க்கப் போகிறது என்று கேட்டு, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.