மாம்பழக் கூடையும் ஐரிஸ் பூவும்

(சேலத்தில் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேசையில் மாம்பழக் கூடையைப் பார்த்துவிட்டு, "புள்ளியியல் கூட்டத்துக்கு வந்தோமா, வளைகாப்புக்கு வந்தோமா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

காலையில் சின்னக் கடைவீதியில் வாங்கியது. பாதி உருண்டையான குண்டு ரகம், பாதி நீளமான கிளிமூக்கு ரகம். கடைக்காரரிடம், "ஏண்ணா, காய் நீளம் கூடினா அகலமும் கூடுமா?" என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "எந்தக் காய்ல கேக்குறீங்க?" என்றார். நான் இங்கே அரை மணி நேரம் பேச வேண்டியதை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

புள்ளியியல் படிப்பவர்கள் யாரும் தப்ப முடியாத ஒரு தரவு உண்டு. ஐரிஸ் பூக்கள். அளவுகளைத் திரட்டியவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். 1936இல் அவற்றை வைத்துக் கட்டுரை எழுதிப் புகழ்பெறச் செய்தவர் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியலாளர். செடோசா, வெர்சிகலர், விர்ஜினிகா என மூன்று இனம். இனத்துக்கு 50 வீதம் 150 பூ. ஒவ்வொன்றிலும் புல்லிதழின் (பூவின் வெளி இதழ்) நீளம், அகலம், அல்லிதழின் (உள் இதழ்) நீளம், அகலம். அவ்வளவுதான் தரவு.

மாணவனாக இருந்தபோது, 150 பூவையும் சேர்த்துப் புல்லிதழ் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒட்டுறவுக் கெழு கண்டுபிடித்தேன். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண் அது: +1 என்றால் ஒன்று கூட மற்றதும் நேர்கோட்டில் கூடும், −1 என்றால் நேர்கோட்டில் குறையும், 0 என்றால் நேர்கோட்டு உறவில்லை. −0.12 வந்தது. "உறவு ஏறக்குறைய இல்லை, இருப்பதும் எதிர்த்திசை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். படம் வரைந்து பார்க்கவில்லை. பென்சில் கையில்தான் இருந்தது!

அப்புறம் ஒருநாள் பூவுக்கு ஒரு புள்ளி வைத்து, நீளம் ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கமாகச் சிதறல் படம் வரைந்து, இனத்துக்கு ஒரு நிறம் கொடுத்தேன். செடோசா தனியே ஒரு கூட்டமாக ஒதுங்கி நின்றது. அதன் புல்லிதழ் சராசரியாக 5.0 செ.மீ. நீளம், 3.4 அகலம். விர்ஜினிகா 6.6 நீளம், ஆனால் அகலம் 3.0தான். ஒன்று குண்டு, மற்றது கிளிமூக்கு! ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் புள்ளிகள் மேல்நோக்கித்தான் ஏறின. தனித்தனியே கணக்குப் போட்டால் செடோசாவில் 0.74, வெர்சிகலரில் 0.53, விர்ஜினிகாவில் 0.46. மூன்றிலும் நேர் உறவு. மூன்றையும் கொட்டிக் கலந்ததும் எதிர்க்குறி.

சரி, பெரிய எண் வந்தால் நம்பலாமா? அல்லிதழைப் பாருங்கள். மொத்தமாக நீளத்துக்கும் அகலத்துக்கும் 0.96. யாருக்கும் கை தட்டத் தோன்றும். செடோசாவுக்குள் மட்டும் பார்த்தால் 0.33. அந்த 0.96இல் பெரும்பங்கு, சின்ன அல்லிதழ் இனத்துக்கும் பெரிய அல்லிதழ் இனங்களுக்கும் உள்ள இடைவெளி. எனக்கு முதல் கதையைவிட இதுதான் பயமாக இருக்கிறது. எதிர்க்குறி வந்தால் சந்தேகமாவது வரும், 0.96ஐ யார் சந்தேகப்படுவார்கள்?

ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுப்புகளையும் வீட்டில் வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளி, நான்கிலும் ஒட்டுறவு 0.816க்குப் பக்கம். ஒன்று சீரான சாய்வு, ஒன்று வளைவு. மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி செய்யும் குறும்பு.

பேச்சு போதும். நூலும் அளவுகோலும் கூடைக்கு அடியில் இருக்கின்றன. குண்டுக்குச் சிவப்புச் சாக்பீஸ், கிளிமூக்குக்குப் பச்சை. கரும்பலகையில் எல்லாப் புள்ளியும் விழுந்த பிறகுதான் கத்தியை வெளியே எடுப்பேன்.