யாருக்கு எந்தச் சிறை?

அவைத் தலைவர், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்ட நூலக ஊழியர்களே, பொன்னாடை போர்த்தும்போது கீழே விழுந்த என் கண்ணாடியை எடுத்துக் கொடுத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கைதிகளை எப்படி வகை பிரிக்கிறார்கள், எந்தச் சிறைக்கு அனுப்புகிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலாவதற்கு வருகிறேன்.

புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை. சரி. தப்பி ஓடுவார் என்று அஞ்சுகிறவரை உயர் பாதுகாப்புத் தொகுதியில் வைக்கிறார்கள். அதுவும் சரி. ஆனால் சிறைக்குள் கூடுதல் வசதி தரும் ஏ வகுப்பு? படிப்பு, அந்தஸ்து, பழகிய வசதி பார்த்துக் கொடுப்பது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு! 1929இல் லாகூர் சிறையில் விடுதலைப் போராட்ட வீரர் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்டது அரசியல் கைதிகளுக்குச் சம நடத்தை கேட்டு. மறு ஆண்டு வெள்ளைக்காரன் கொடுத்ததோ ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு.

பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதி வைத்திருந்தார்கள். கலந்து வைத்தால் மோதல் வருமாம். உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம்தான் அந்த வாதத்தைத் தள்ளி, சாதி பார்த்துப் பிரிக்கும் சிறை விதிகள் செல்லாது என்றது.

அப்புறம், ஒரு பாட்டி கதை. நான் ஜூனியராக இருந்தபோது ராத்திரி பஸ்ஸில் பக்கத்து இருக்கை. மடியில் மஞ்சள் பை, பையில் அதிரசம். மகனை மனு பார்க்கப் போகிறாராம்; சிறையில் கைதியைச் சந்திப்பதற்கு அப்படித்தான் பேர். வழியெல்லாம் என்னிடம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, எண்ணி வைத்திருந்தார்! விடிந்ததும் நானே சிறை வாசலில் கொண்டு விட்டேன். காவலர் பதிவேட்டைப் புரட்டினார். "போன வாரமே வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்களேம்மா." பாட்டி அழவில்லை. பையை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்த ஊருக்கு பஸ் எங்க தம்பி நிக்கும்?"

பணமிருந்தால் வக்கீலை வைத்து மாற்றத்தை எதிர்த்திருப்பார். மறுபடியும் அதே வெண்ணெய், அதே சுண்ணாம்பு. வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில்தான் வைக்க வேண்டும், மாற்றினால் முன்கூட்டியே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள், மற்ற இரண்டும் விரிவாக அடுத்த கூட்டத்தில். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். இது வேறு மனு. டீக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பேனா ஒன்றுதான் இருக்கிறது.