காலுக்குக் காசில்லை

வணக்கம் நேயர்களே. காட்டுக்கும் நீர்வீழ்ச்சிக்கும் போகும்போது வாசல் சாவடியில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்களே, அந்த நுழைவுக் கட்டணத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். 40 ஆண்டுகளுக்கு மேலாக மலேசியாவின் பினாங்கு மலைகளில் நடந்து பழகியவன் நான். இந்தப் பேச்சு எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் ஆறு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, தண்ணீர்மலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் தாவரவியல் பூங்காவுக்குப் போவோம். 1884இல் தொடங்கிய பூங்கா அது. அங்கிருந்துதான் கொடிமலை என்கிற பினாங்கு மலைக்கு ஜீப் பாதை ஏறுகிறது. உச்சிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து ரயிலில் போகலாமே என்று தங்கை ஒருமுறை அடம் பிடித்தாள். 1923 முதல் ஓடுகிற ரயில் அது. அப்பா அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "ரயிலுக்குத்தான்மா காசு, காலுக்குக் காசில்லை" என்றார்.

அந்த ஏற்றம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். பாதையோரச் சுவரில் பாசி. விரல் வைத்தால் நீர் கசியும். தூக்குச்சட்டியில் புளிச்சோறு. வழியில் ஓர் ஓய்வுக் கொட்டகை. அங்கே சீனப் பெரியவர்கள் சிலர் தண்ணீரையும் சீனியையும் முதுகில் சுமந்து வந்து தேநீர் போட்டுக் கொடுப்பார்கள். விலை கிடையாது. ஒரு பால் டப்பாவில் விரும்பினால் விரும்பியதைப் போடலாம். அப்பா என் கையில் பத்துக் காசைக் கொடுத்துப் போடச் சொல்வார். மறுமுறை போனால் புதிய கோப்பைகள் இருக்கும், பிஸ்கட் இருக்கும். போட்ட காசு எங்கே போனது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, குடித்துவிட்டு நடக்கலாம்.

அந்தப் பால் டப்பாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அதற்கே வருவேன்.

கட்டணமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் நெடுங்காலம் நுழைவுக்கு 1 வெள்ளியும் (ரிங்கிட்) கேமராவுக்கு 5 வெள்ளியும்தான் வாங்கினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. நம் தெலுக் பஹாங்கில் இருக்கிற பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அரசிதழில் பதிவானது. பந்தாய் கெராச்சுட்டில் ஆமைகள் முட்டையிடுகின்றன. அங்குள்ள ஏரியில் மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காமல் கிடக்கும். இதையெல்லாம் காக்க ஆள் வேண்டும், படகு வேண்டும், பணம் வேண்டும். சரி, கொடுப்போம்.

கொடுத்த பணம் எங்கே போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் தீபகற்பத்தில் ஒரு வனப் பூங்காவுக்குப் பேரப்பிள்ளைகளோடு போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால், ஓடைப் பாலத்தில் நடுப்பலகை இரண்டைக் காணோம். கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் தொங்குகிறது. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். திரும்பி வந்து சாவடியில் கேட்டேன். தமிழ்ப் பிள்ளைதான், இருபது வயதிருக்கும். "ஐயா, வசூலாகிற பணத்தை அப்படியே மேலே கட்டிவிடுகிறோம். இரண்டு ஆணி வாங்குவதென்றாலும் எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கயிறு நான் என் காசில் வாங்கிக் கட்டியது" என்றான். பார்த்தேன். பலகை இல்லாத இடத்தின் ஓரமாக ஒரு நீலக் கயிறு, முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

அவன் சொன்னதில் பொய்யில்லை. நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 97ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. கூட்டரசு, அதாவது மத்திய அரசு, வசூலிப்பது கூட்டரசின் திரட்டு நிதிக்கு, மாநிலம் வசூலிப்பது மாநிலத்தின் திரட்டு நிதிக்கு. காடும் நிலமும் மாநில அதிகாரத்தில் இருப்பதால், பெரும்பாலான வனப் பூங்காக்களில் நீங்கள் கொடுப்பது மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. பிறகு பட்ஜெட் வழியாகத்தான் இறங்கி வரவேண்டும். பொதுப் பணத்துக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு, அதில் குற்றமில்லை. ஆனால் ஓடைப் பாலம் பட்ஜெட்டுக்காகக் காத்திருக்காது. ஒரு மழைக்காலம் போதும்.

அதனால்தான் பால் டப்பாவைச் சொன்னேன். சாவடிப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கட்டும்: போன மாதம் இவ்வளவு வசூல், இந்தப் பாலம் பழுது பார்த்தோம், இந்தக் கழிவறைக்குக் கதவு போட்டோம். இரண்டு வரி போதும். அதைப் பார்த்தபின் கட்டணத்தை ஒரு வெள்ளி கூட்டினாலும் மக்கள் கொடுப்பார்கள். நான் கொடுப்பேன்.

இன்னொன்று. தலைக்கு 5 வெள்ளி என்று வைத்தால் ஆறு பேருக்கு 30 வெள்ளி. பஸ்ஸும் சோறும் தனி. நாள் சம்பளக்காரர் வீட்டில் அது ஒரு நாள் கறி, மீன், காய்கறி. ரயிலுக்கு வாங்குங்கள், படகுக்கு, கார் நிறுத்த, கூடாரம் அடிக்க வாங்குங்கள். நடந்து போகிற உள்ளூர்க் குடும்பத்துக்கு ஒரு பாதையாவது காசில்லாமல் திறந்திருக்கட்டும். கொடிமலையில் அந்த ஜீப் பாதை இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அப்படியே இருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். மலையேறும் அனுமதியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக: கட்டணம் வேறு, அனுமதி வேறு. வனக் காப்பகத்துக்குள் மலையேறப் போகிறவர்கள், கிளம்புமுன் அந்த மாநில வனத்துறையிடம் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். பாலத்தில் பலகை இல்லையென்றால், அந்த டிக்கெட்டின் எண்ணையும் தேதியையும் போட்டுக் கடிதம் எழுதுங்கள். வணக்கம்.