சாலையோடு கழிப்பறையும் நகர வேண்டும்

வணக்கம். ஒப்பந்தக்காரர்கள், பொறியாளர்கள், மேஸ்திரிகள் என்று சாலை வேலையின் மூன்று தரப்பும் இங்கே இருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தார் போடும் இடத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆண்கள் குடித்துக் கேன் பாதியாகியிருக்கும். பெண்கள் காலையில் கொண்டுவந்த பாட்டில் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். 140 டிகிரிச் சூட்டில் இறங்கும் கலவைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தாகம் எடுக்காதா? ஒதுங்க இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், வெயில் மயக்கம் எல்லாவற்றுக்கும் அது வழிவிடுகிறது. குடிநீர் ஒரு செலவு, கழிப்பறை வேறு செலவு என்று பிரிக்காதீர்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் கேனை எத்தனை முறை நிரப்பினாலும் பெண்கள் தொடமாட்டார்கள்.

"ஐம்பது பேருக்குக் குறைந்தால் கழிப்பறை வேண்டாம்" என்கிறார்கள். தவறு. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 33ஆம் பிரிவு தந்த விலக்கு, தனியாகச் சிறுநீர் கழிப்பிடம் கட்டுவதிலிருந்து மட்டுமே. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் இருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை முதலாளி தலையில்தான். "கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் செஸ் வரி கட்டுகிறோமே" என்பதும் பதிலாகாது. அது தொழிலாளர் நல நிதிக்குப் போகும் பணம்.

இருபது பேர் கொண்ட குழுவுக்குக் கணக்குப் போடுவோம். வெயிலில் ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர், எட்டு மணி நேரத்துக்கு 6 லிட்டர். மொத்தம் 120 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஆறு. ஈரச்சாக்கு சுற்றி நிழலில் வையுங்கள், கழிப்பறையிலிருந்து 6 மீட்டராவது தள்ளி. ஒடியா, இந்திக்காரர்கள் அதிகம் என்றால் 'குடிநீர்' என்பதை அவர்கள் மொழியில் எழுதுங்கள்.

கழிப்பறை சக்கரம் வைத்த ட்ரெய்லரில் இருக்க வேண்டும். ஆளுக்கு மூன்று முறை, முறைக்கு 3 லிட்டர் என்றாலே நாளைக்கு 180 லிட்டர். 200 லிட்டர் கழிவுத் தொட்டி ஒரே நாளில் ஏறக்குறைய நிறைந்துவிடும். 500 லிட்டர் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். ஓடையில் திறந்துவிடக் கூடாது. கையால் அள்ளவைப்பது 2013 சட்டப்படி குற்றம்.

இவ்வளவும் வாங்கி வைத்த இடத்திலும் காரியம் கெடுவது ட்ராக்டரால்தான். ட்ரெய்லரை இழுக்க வேண்டிய வண்டி காலையிலேயே ஜல்லிக்குப் போய்விடும். குழு ஒரு கிலோமீட்டர் முன்னே போயிருக்கும், கழிப்பறை நேற்றைய இடத்தில் நிற்கும். அமெரிக்காவில் வயல் தொழிலாளர்களுக்கு 1987இல் வந்த விதி, 20 பேருக்கு ஒரு கழிப்பறை, கால் மைல் நடைக்குள் என்கிறது. நாமும் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரோலர் அதைத் தாண்டினால் ட்ரெய்லரும் நகர வேண்டும்.

அடுத்தது சாவி. மேஸ்திரியின் சட்டைப்பையில் சாவி இருந்தால் எந்தப் பெண் போய்க் கேட்பாள்? வெளிப்பூட்டே வேண்டாம், உள்தாழ்ப்பாள் போதும். கதவு சாலையைப் பார்க்கக் கூடாது. உள்ளே மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று, மாதவிடாய் நாட்களுக்கு.

பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டில் இந்தச் செலவை 'இதர செலவில் அடங்கும்' என்று எழுதாதீர்கள். டெண்டரில் குறைத்துக் கேட்பவர் முதலில் வெட்டுவது அதைத்தான். ட்ரெய்லர், இழுவை, தண்ணீர், கழிவு அகற்றல் நான்கையும் தனி இனமாக, நாள் கணக்கில் போடுங்கள். வைத்த நாளுக்கு மட்டும் பணம். எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில், பதியும்முன், அன்று வேலை செய்த பெண்களில் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.