முறத்தில் இருந்த கீரை

நேயர்களுக்கு வணக்கம். அடுப்படி வேலையோடு வானொலி கேட்பவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். அதனால் ஒரு முருங்கைக்கீரைக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இருபாலீர்ப்பாளர் என்று என் சித்தியிடம் சொன்ன அன்று, எங்களுக்கு நடுவில் முறம் நிறைய முருங்கைக்கீரை. எனக்கு ஆண் மேலும் ஈர்ப்பு வரும், பெண் மேலும் வரும், அவ்வளவுதான் சித்தி என்றேன். இலையை உருவிக்கொண்டே, "அப்போ உனக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேர் வேணுமாடி?" என்றார். இல்லை என்றேன். இன்னொரு ஈர்க்கை எடுத்தார். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" தெரியும், கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்றேன். "அப்புறம் என்ன, கல்யாணம் ஆனதும் எல்லாம் சரியாப் போச்சுல்ல."

அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருஷம் ஒரு பெண்ணை நேசித்தேன். அப்போது தெரிந்தவர்கள் எல்லாம் என்னைத் தன்பாலீர்ப்பாளர், அதாவது பெண்களை மட்டுமே விரும்புகிறவள் என்றார்கள். இன்று கணவரோடு கடைத்தெருவில் நடந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து என்னைக் கணக்குப் போடுகிறார்கள். அன்றும் இன்றும் நான் அதே ஆள்தான். இதைத் திரும்பவும் சொல்கிறேன், அதே ஆள்தான்.

சித்தி மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் கேட்கவாவது செய்தார். ஆனால் அடுத்த வாரம் ஒரு மருத்துவர், அடுத்த மாதம் அலுவலகத் தோழி என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தன்பாலீர்ப்பு நண்பர்களிலேயே சிலர், "இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அது இன்னும் வலிக்கும்.

2021-ல் ஒருவரையொருவர் நேசித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனது நினைவிருக்கலாம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்குத் தன்பாலீர்ப்பு பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு போட்டார். அந்தப் பெண்கள் உட்கார்ந்து அவருக்கு விளக்கியிருக்க வேண்டிய பாடத்தை அவரே தேடிப் போய்ப் படித்தார். இப்படி யாராவது பாதி தூரம் வந்தால் எங்களுக்கு எவ்வளவு மூச்சு கிடைக்கும் தெரியுமா?

சித்தியும் வந்தார். போன வருஷம் ஒரு வளைகாப்பில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என்னிடம் அதே கேள்வியை ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி, "அவளை விடு, என்கிட்ட கேளு, நான் சொல்றேன்" என்று அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். அன்று நான் நிம்மதியாக உட்கார்ந்து வளையல் அடுக்கினேன்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இருபாலீர்ப்பாளர்களான எங்கள் கொடியைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். 1998-ல் வந்தது, இளஞ்சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு ஊதாப் பட்டை. செப்டம்பர் 23 எங்களுக்கான நாள், அன்று எங்காவது அந்தக் கொடி கண்ணில் பட்டால் அந்த ஊதாவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வணக்கம்.