தடைக்காலத்தில் ஒரு பிளே-ஆஃப்

நேயர்களுக்கு வணக்கம். கூடைப்பந்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் பயிற்சியாளர் இல்லை, பெரிய ஆட்டக்காரனும் இல்லை. பள்ளிக்கூட அணியில் இருந்தேன், பெரும்பாலும் பெஞ்சில். இப்போது ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களைப் பல வருஷமாக விடாமல் பார்க்கிறேன், பார்ப்பதைவிட அதிகமாக அதைப் பற்றிச் சண்டை போடுகிறேன். எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான். இன்றைக்குப் பேசப்போவதும் அந்தச் சண்டையைப் பற்றித்தான்.

வடசென்னையில் காலங்காத்தாலே கூடைப்பந்துச் சண்டையா என்று சிரிக்காதீர்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ராத்திரி எட்டரை மணி ஆட்டம் என்றால் இங்கே மறுநாள் காலை ஆறு மணி. லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு பட்டத்துக்காக நடக்கிற பிளே-ஆஃப் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை போகும். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம் எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த 61 நாளும் படகு கரையில், படகுக்காரர்கள் டீக்கடையில். வலையைப் பிரித்துத் தைக்கப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கையில் இருக்கும். என்.பி.ஏ. காரர்களுக்குத் தெரியாது, அவர்களுடைய அட்டவணையும் நம் மீன்வளத் துறை அட்டவணையும் இப்படிக் கைகோத்துக்கொண்டு இருக்கிறது என்று.

எங்கள் கடை கல்மண்டபம் பக்கம். பொறை வைக்கிற கண்ணாடி ஜாடியில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்போம். ஜாடி காலியாகக் காலியாக செல்போன் சரியும், மாஸ்டர் வந்து நிமிர்த்திவிட்டுப் போவார். நிரந்தர ஆட்கள் நாலு பேர். நான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கட்சி. பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவன், ஹூஸ்டன் ராக்கெட்ஸ். விசைப்படகில் போகும் அண்ணன் ஒருவர், எந்த அணியும் இல்லை, யார் ஜெயிக்கிறார்களோ அவர்களைத் திட்டுவார். பிறகு ஐ.சி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவருக்குக் கூடைப்பந்து இரண்டாவது சம்சாரம், முதலாவது கேரம். டீ மாஸ்டர் எங்கள் வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரியை 'வடகறி' என்றுதான் சொல்வார். "வடகறி இன்னிக்கு எத்தினி போட்டாரு?" என்று கேட்டால் நாங்களும் பழகிப்போய் பதில் சொல்லிவிடுவோம்.

2025 ஏப்ரலை எடுத்துக்கொள்கிறேன். அந்த வருஷம் ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தது. கிரிக்கெட் பேசினால் வயிறு எரிந்தது. அதனால் கடையில் இருந்த மற்றவர்களும் எங்கள் பக்கம் திரும்பி, சண்டை பெரிதானது.

நிலவரம் இதுதான். ஒவ்வோர் அணியும் 82 ஆட்டம் ஆடி முடிக்கிறது. ஹூஸ்டனுக்கு 52 வெற்றி, மேற்குப் பிரிவில் இரண்டாம் இடம். கோல்டன் ஸ்டேட் 48. கடைசி நாள் ஆட்டத்தில் கிளிப்பர்ஸிடம் கூடுதல் நேரத்தில் தோற்று ஏழாம் இடத்துக்குச் சரிந்து, பிளே-இன் என்கிற வாசல்படி ஆட்டத்தில் மெம்ஃபிஸை 121-116 என்று தாண்டித்தான் உள்ளே வந்தது. இரண்டும் ஏழும் மோத வேண்டும். ஏழு ஆட்டம் கொண்ட தொடர், நாலு ஜெயித்தவன் மேலே போவான்.

தம்பி கையில் ஒரே ஒரு எண் வைத்திருந்தான். அந்த மாசம் 6-ம் தேதி இதே இரண்டு அணியும் மோதியபோது கரி எடுத்தது மொத்தம் 3 பாயின்ட். பத்துத் தடவை எறிந்து ஒன்றுதான் உள்ளே போனது. ஹூஸ்டனின் ஏமென் தாம்ப்சன் நிழல் மாதிரி கூடவே ஓடினார். "அண்ணே, மூணு! ஒரு கை விரல்ல ரெண்டு மிச்சம் இருக்கும்" என்று விரலைக் காட்டினான்.

எனக்குக் கோபம். ஒரு ஆட்டத்தை வைத்து என்ன சொல்ல முடியும், கரி நாலு சாம்பியன் பட்டம் வாங்கியவர், பிப்ரவரியில் ஜிம்மி பட்லர் வந்த பிறகு அணியே வேறு அணி, ஆறு ஆட்டத்தில் முடித்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன். படகு அண்ணன் இரண்டு பேரையும் அடக்கி, "அன்னிக்கு யாருக்கு நாளு நல்லா இருக்கோ அவன் ஜெயிப்பான், விடுங்கப்பா" என்றார்.

அங்கேதான் எங்கள் பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் சொன்னதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

"நைனா, நம்மளுக்கு எல்லாம் நாக்-அவுட் மனசு" என்றார். உண்மைதான். நாம் பார்த்து வளர்ந்த போட்டிகள் எல்லாம் அப்படி. மாநகராட்சி மைதானத்தில் பொங்கலுக்கு நடக்கிற டோர்னமெண்ட், காலையில் தோற்றால் மத்தியானம் வீட்டுக்குப் போகலாம். ஐ.பி.எல். பிளே-ஆஃபில் முதல் இரண்டு இடக்காரர்களுக்கு மட்டும் ஒரு மறுவாய்ப்பு, மற்றபடி ஒரே ராத்திரியில் முடிவு. அதனால் நமக்கு அதிர்ஷ்டம், நாள், ராசி, டாஸ் என்று பேச்சு போய்விடுகிறது. ஏழு ஆட்டத் தொடரில் அந்தப் பேச்சு செல்லாது. ஒரே ஆளை இரண்டு வாரம் தினம் விட்டு தினம் சந்திக்கும்போது அதிர்ஷ்டம் தேய்ந்துபோகும். அப்புறம் மிச்சம் இருப்பது யார் யாரைத் தடுக்க முடியும் என்பது மட்டும்.

அவர் கேரமில் இருந்துதான் உதாரணம் எடுப்பார். ஒரு போர்டை, அதாவது ஒரு சுற்றை, யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். ஆனால் முறைப்படி ஒரு கேம் என்பது 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, மூன்றில் இரண்டு கேம் எடுக்க வேண்டும். மூன்றாவது போர்டுக்குள் எதிராளிக்கு எந்த மூலைப் பாக்கெட்டில் கை தயங்குகிறது என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு காயையும் அந்த மூலைக்கே தள்ளிவிட்டு, ஸ்ட்ரைக்கரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். "நல்ல ஆட்டக்காரனா கெட்ட ஆட்டக்காரனாங்கறது முதல் ரெண்டு போர்டுக்குத்தான் பேச்சு" என்பார்.

இதற்கு என்.பி.ஏ.விலேயே அருமையான சாட்சி இருக்கிறது. 2007-ல் டாலஸ் மேவரிக்ஸ் 67 ஆட்டம் ஜெயித்து முதல் இடம். 42 மட்டும் ஜெயித்து எட்டாம் இடத்தில் தொற்றிக்கொண்டு வந்த அணி இதே கோல்டன் ஸ்டேட். எட்டு ஒன்றை ஜெயிப்பதாவது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த வருஷம் லீக் ஆட்டங்களில் இரண்டும் மோதிய மூன்றிலும் ஜெயித்தது கோல்டன் ஸ்டேட். அவர்களுடைய கோச் டான் நெல்சன், அதற்கு முன் டாலஸில் கோச்சாக இருந்தவர். டாலஸின் டர்க் நோவிட்ஸ்கிக்கு எது பிடிக்காது என்று அவருக்கு அத்துப்படி. ஏழடி ஆளுக்கு ஏழடி ஆளைப் போடாமல், உயரம் குறைந்தாலும் உடம்போடு ஒட்டிக்கொண்டு தள்ளுகிற ஆட்களை அனுப்பினார். ஆறு ஆட்டத்தில் டாலஸ் வெளியே. வேடிக்கை என்னவென்றால் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது நோவிட்ஸ்கிக்குத்தான். அணி தோற்று வீட்டுக்குப் போன பிறகு வந்து கோப்பையை வாங்கிக்கொண்டார். பட்டியலில் 67-ம் 42-ம் பார்த்துப் பந்தயம் கட்டியவர்கள் பணத்தை விட்டார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

முதல் ஆட்டம் ஹூஸ்டனில், 95-85 என்று நாங்கள். கரி 31. தம்பி அன்று பொறையைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் பட்லர் மேலே எழும்பிய நேரத்தில் கீழே தாம்ப்சன் மோத, இடுப்பில் விழுந்தார். அதோடு அன்று அவர் கதை முடிந்தது, ஹூஸ்டன் ஜெயித்தது. மூன்றாவதில் பட்லர் இல்லை, கரி 36 எடுத்து இழுத்துக்கொண்டு வந்தார். நாலாவதும் எங்களுக்கே, 109-106. மூன்றுக்கு ஒன்று.

இங்கே ஒரு தப்பு செய்தேன். அன்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இட்லி வடகறி என் கணக்கில். ஜெயித்தாகிவிட்டது என்று நினைப்பு. தம்பி இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே, "2016-ல மூணுக்கு ஒண்ணுல இருந்தது யாருண்ணே?" என்று கேட்டான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வருஷம் 73 ஆட்டம் ஜெயித்துச் சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட், இறுதித் தொடரில் 3-1 என்று முன்னால் இருந்து, கிளீவ்லாந்திடம் அடுத்தடுத்து மூன்றையும் விட்டது. என் இட்லியைத் தின்றுவிட்டு என்னிடமே கேட்கிறான்.

ஐந்தாவது ஆட்டத்தை ஹூஸ்டன் 131-116 என்று எடுத்தது. ஆறாவதையும் எடுத்தது, 115-107. அந்த ஆறாவது ஆட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஹூஸ்டன் ஆல்பெரென் ஷெங்கூன், ஸ்டீவன் ஆடம்ஸ் என்று இரண்டு மலைகளைச் சேர்த்து நிறுத்தி, ஆளுக்கு ஆள் ஒட்டாமல் இடத்தைக் காக்கிற ஜோன் டிஃபென்ஸ் போட்டது. கோல்டன் ஸ்டேட் அணியில் உயரமான ஆள் பஞ்சம். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் அது யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். ஃபவுலுக்குப் பதிலாகக் கோட்டில் நின்று தடையில்லாமல் எறிகிற ஃப்ரீ த்ரோ ஆடம்ஸுக்கு வராது என்று பேர். அதை நம்பி எங்கள் கோச் ஸ்டீவ் கெர் வேண்டுமென்றே அவரை ஃபவுல் செய்யச் சொல்லிக் கோட்டுக்கு அனுப்பினார். மனுஷன் 16-ல் 9 போட்டுவிட்டார். பெரியவர் சிரித்தார்: "தயங்குற மூலைன்னு நினைச்சுத் தள்ளினா, அவன் அங்கேயும் போடறான் பார்."

ஏழாவது ஆட்டம் மே 5, திங்கட்கிழமை காலை ஆறு மணி. அக்னி நட்சத்திரம் தொடங்கியாகிவிட்டது, அந்த நேரத்திலேயே கடைக்குள் புழுக்கம். தம்பிக்கு பரீட்சை, இருந்தும் வந்தான். ஏழு பேர் ஒரு செல்போனைச் சுற்றி நின்றால் மூச்சுக்காற்றிலேயே திரை பனித்துவிடும். மாஸ்டர் துண்டை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

இரண்டு வாரமாக நாங்கள் என்ன சண்டை போட்டோம்? கரியைத் தாம்ப்சன் பிடிப்பாரா, ஷெங்கூனை எங்கள் டிரேமண்ட் கிரீன் தள்ளுவாரா, பட்லரின் இடுப்பு தாங்குமா. எங்கள் அணியின் பட்டி ஹீல்டு என்ற பேரை ஒருவர்கூட ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அன்று அவர், தொலைவில் இருந்து எறிந்து மூன்று பாயின்ட் வாங்குகிற த்ரீ பாயின்டர் ஒன்பது போட்டார், மொத்தம் 33 பாயின்ட். 103-89. தொடர் எங்களுக்கு.

"உங்க கேரம் கணக்குல ஹீல்டு எங்க இருந்தாரு?" என்று பெரியவரிடம் கேட்டேன். கேலியாகத்தான். அவர் அசரவில்லை. "ஆறு ஆட்டமா ரெண்டு ரெண்டு பேரு கரி மேல விழுந்தா, யாரோ ஒருத்தன் சும்மா நிப்பான் இல்ல? அவன்தான் இவன்" என்றார். எனக்கு முழுக்க ஒப்புதல் இல்லை. ஒருவன் அன்று தூங்கி எழுந்தபோதே கை சூடாக இருந்தால் அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். படகு அண்ணன் என் பக்கம் சேர்ந்துகொண்டார். அவருடைய 'நாளு நல்லா இருந்தா' கொள்கைக்குக் கடைசியில் ஒரு ஆட்டம் கிடைத்துவிட்டதே.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனின் பத்தாவது ஆட்டக்காரன் வரை எங்களுக்குப் பேர் தெரியும். 2022 ஏப்ரலில் இதே சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி பஞ்சாபை வென்று சாம்பியன் ஆனதே, அந்த அணியில் ஐந்து பேர் பேரைச் சொல்லு என்று பெரியவர் ஒரு நாள் கேட்டார். தம்பி இரண்டு சொன்னான். நான் ஒன்று. அவரோ பன்னிரண்டு பேரையும் சொல்லிவிட்டு, யார் எந்த அலுவலக அணியில் ஆடுகிறார்கள் என்பதையும் சொன்னார். அன்று யாரும் சண்டை போடவில்லை.

அடுத்த சுற்று மினசோட்டாவோடு. முதல் ஆட்டம் இங்கே காலை ஏழு மணிக்கு. இரண்டாவது குவார்ட்டரில் கரி தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம், 99-88. அதன் பிறகு நாலும் தோல்வி. எங்கள் சண்டையும் அதோடு சப்பென்று போய்விட்டது. தாங்குகிற ஆள் இல்லாத அணியை வைத்து என்ன வாதம் செய்வது?

ஆனால் தம்பி விடவில்லை. அவனுடைய ஹூஸ்டன்தான் எங்களை ஏழு ஆட்டம் அலைக்கழித்துக் கரியின் காலைத் தேய்த்தது, ஆகவே மினசோட்டாவின் வெற்றியில் பாதி ஹூஸ்டனுடையது என்று ஒரு புதுக் கணக்கு கொண்டுவந்தான். பெரியவர் அதை ஏற்றுக்கொண்டார். நான் இன்னும் ஏற்கவில்லை.

ஜூன் வந்தது. இறுதித் தொடரில் ஓக்லஹோமா சிட்டியும் இண்டியானாவும். நாலு ஆட்டம் முடிந்து இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது தடைக்காலம் முடிந்தது. படகு அண்ணன் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். நடுக்கடலில் சிக்னல் ஏது? பெரியவர் பக்கம் ஓக்லஹோமா, என் பக்கம் இண்டியானா, இடையில் சமாதானம் பண்ணி வைக்க ஆள் இல்லாமல் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டோம். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அந்த ஏழாவதில் முதல் குவார்ட்டரிலேயே இண்டியானாவின் டைரிஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். ஓக்லஹோமா 103-91.

அண்ணன் கரைக்கு வந்த அன்று நானே காசிமேட்டுக்குப் போனேன். பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன, ஏலக்காரர் குரல் அடுத்த படகு வரை கேட்டது. என்னைப் பார்த்ததும், "யாரு?" என்றார்.

"ஓக்லஹோமா. ஆனா ஹாலிபர்ட்டன் ஆரம்பத்துலயே விழுந்துட்டாருண்ணே."

"அப்ப அது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்குக் கை கொடுக்கப் போய்விட்டார். பெரியவரிடம் இதை வந்து சொன்னேன். சேரும் என்கிறார்.

வணக்கம்.