இரண்டாவது சிலிண்டர்

வணக்கம் நேயர்களே.

பாவம் என்று கிறிஸ்தவர்கள் எதைச் சொல்கிறார்கள், மனிதனைப் பற்றி அவர்களுடைய எண்ணம் என்ன என்று பேசுவதற்காக இந்த நேரத்தை எனக்குத் தந்திருக்கிறார்கள். நான் குருவானவர் அல்ல. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு வெள்ளவத்தையில் ஓய்வாக இருப்பவன். எங்கள் அங்கிலிக்கன் ஆலயத்தில், ஐயர் என்று நாங்கள் அழைக்கும் குருவானவர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்யச் சொல்வார்கள், செய்வேன். அவ்வளவுதான். ஆகவே ஏதேன் தோட்டத்தில் தொடங்காமல் ஒரு காஸ் கியூவில் தொடங்குகிறேன்.

2022 மே மாதம், சமையல் காஸுக்குத் தட்டுப்பாடு. அப்போது கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரம் வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, ஆட்கள் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். நான் விடிய நாலரைக்கே போய் என் சிலிண்டரைக் கட்டினேன். எனக்குப் பின்னால் ஓர் இளம் தாய். இடுப்பில் பிள்ளை, பிள்ளையின் கையில் பாதி தின்ற மாரி பிஸ்கட். பதினொரு மணிக்கு லொறி வந்தது. எனக்குத் தந்ததோடு சிலிண்டர் முடிந்துவிட்டது. கடைக்காரர் கையை விரித்தார்.

"ஐயோ பாவம்" என்று வாய்விட்டே சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "பரவாயில்ல ஐயா, உங்களுக்காவது கிடைச்சுதே" என்றாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டு அடுப்பில் பூட்டியிருந்த சிலிண்டர் மாற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் நானும் மனைவியும் மட்டும். அது எப்படியும் இரண்டு மாதம் போகும். நான் நின்றது இரண்டாவது சிலிண்டருக்காக.

சரி, இதில் நான் செய்த குற்றம் என்ன? சட்டம் எதையும் மீறவில்லை. யாரையும் இடித்துத் தள்ளவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினேன். பாவ புண்ணியத்தை வரவு செலவுபோல எழுதிப் பார்த்தால், கணக்கு வாத்தியாரான எனக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பிழையும் அகப்படாது. ஆனால் ஓட்டோவில் வீடு திரும்பும்போது, நான் அவளைப் பார்த்துச் சொன்ன சொல் என்னிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. இரக்கத்துக்கும் குற்றத்துக்கும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது அன்றைக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

வேதாகமத்தில் இதற்கு ஒரு சொல் மட்டும் இல்லை. ஐம்பத்தோராம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே மீறுதல், அக்கிரமம், பாவம் என்று மூன்று வருகின்றன. மீறுதல் என்பது எதிர்த்து நிற்பது. அக்கிரமம் என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரேயச் சொல்லில் வளைவு, கோணல் என்ற கருத்து இருக்கிறது. மூன்றாவதான பாவம் என்பதற்கு எபிரேயத்தில் உள்ள வேரின் பொருள் குறி தவறுவது. நியாயாதிபதிகள் புத்தகத்தில் பென்யமீன் கோத்திரத்து இடதுகைக்காரர் எழுநூறு பேரைப் பற்றி ஒரு வசனம் உண்டு. மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்களாம். அங்கே "தப்பாமல்" என்பதற்கு வருவது இதே வினைச்சொல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் அதே பொருளைத்தான் தருகிறது.

குறி தவறியது என்றால் முதலில் ஒரு குறி இருந்திருக்க வேண்டும் அல்லவா? இதைத்தான் எங்கள் பிரசங்கிமார் பல பேர் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் குறை. எடுத்த உடனே ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம், ஏதேன் தோட்டத்தில் பாம்பின் பேச்சைக் கேட்டு ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட பழத்தைத் தின்ற விழுகை. முதலாம் அதிகாரம் எங்கே போனது? கடவுள் மனிதனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார், தாம் உண்டாக்கிய எல்லாவற்றையும் பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது என்று அங்கே இருக்கிறது. கிறிஸ்தவம் மனிதனைப் பற்றிச் சொல்லும் முதல் வார்த்தை பாவி என்பது அல்ல.

எங்கள் மாடிக்கு மேல்மாடியில் ஒரு சைவப் பெரியவர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தப் போகிற சைவர். கொழும்பில் இது ஒன்றும் அதிசயமில்லை. அவர் ஒருநாள் கேட்டார்: "மாஸ்டர், பால்குடி மாறாத பிள்ளையையும் பாவி எண்டுறது என்ன நியாயம்?" நான் உடனே பதில் சொல்லாமல், உங்கள் சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் எப்போது வந்தது என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துக்கொண்டு, "அது அநாதி. செம்பில களிம்பு மாதிரி" என்றார். எனக்கு மிகவும் பிடித்த உவமை அது. ஆனால் எங்கள் வழி பிரிகிற இடமும் அதுதான். களிம்பு செம்போடு கூடவே இருந்தது என்று நாங்கள் சொல்வதில்லை. செம்பு சுத்தமாக வந்தது, பிறகு பிடித்தது என்கிறோம். பாவத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. அதனால் அது மனித இயல்பு அல்ல, இயல்புக்கு நேர்ந்த கேடு.

அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒரே குரல் கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்றொரு துறவி, மனிதன் மனம் வைத்தால் பாவமில்லாமல் வாழலாம், ஆதாம் நமக்கு ஒரு கெட்ட முன்மாதிரி மட்டுமே என்று படிப்பித்தார். வட ஆபிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீனார் விடவில்லை. 418 இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. கத்தோலிக்கர் ஜென்ம பாவம் என்றும் நாங்கள் ஆதி பாவம் என்றும் சொல்லும் போதனைக்கு மேற்கில் உருவம் கொடுத்தவர் அகுஸ்தீனார்தான். ஓர்தொடொக்ஸ் எனப்படும் கீழைத் திருச்சபைகளோ இன்றுவரை, ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும், அவருடைய குற்றம் அல்ல என்கின்றன.

இதில் ஒரு மொழிபெயர்ப்புச் சங்கதியும் இருக்கிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தை அகுஸ்தீனார் லத்தீனில் படித்தார். ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று அதை அவர் விளங்கிக்கொண்டார். கிரேக்க மூலத்தைப் பலர் வேறு மாதிரி வாசிக்கிறார்கள். நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்று இருக்கும். என் சொந்த மனச்சாய்வு தமிழ் வேதாகமத்தின் பக்கம். பிதாக்கள் திராட்சக்காய் தின்னப் பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழியை இனிச் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி பதினெட்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார் அல்லவா, அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். பிள்ளை குற்றவாளியாகப் பிறக்கவில்லை. ஆனால் கோணல் ஏற்கெனவே இருக்கிற ஒரு வீட்டில், கோணல் பழகிப்போன ஆட்களின் கையில் பிறக்கிறது. பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சரி" என்றார். முழுச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பெலாஜியுஸை வென்ற அந்த அகுஸ்தீனாரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய தர்க்கம் அல்ல, பேரிக்காய்க் கதை. பதினாறு வயதில் கூட்டாளிகளோடு போய், இரவில் அயல் தோட்டத்து மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளினாராம். பசியில்லை. காயும் பெரிய ருசியில்லை. அதைவிட நல்லது வீட்டிலேயே இருந்தது. பெரும்பாலும் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். நாற்பது வயது தாண்டிய பிறகும் அந்தக் காயை அவரால் மறக்க முடியவில்லை. ஏன் செய்தேன், ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். முன்பு வாசித்தபோது, ஒரு பேரிக்காய்க்கு இவ்வளவு புலம்பலா என்று நினைத்திருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தது என்ற வரி 2022க்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் இந்த நிலையை, மனிதன் தன்னை நோக்கியே வளைந்து போயிருக்கிறான் என்று வர்ணித்தார். நல்லதைச் செய்யும்போதும், ஜெபம் பண்ணும்போதும்கூட அந்த வளைவு போவதில்லை. அன்று நான் கியூவில் நின்றுகொண்டு ஜெபம் பண்ணினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான்.

எங்கள் ஆராதனையில் முழங்காலில் நின்று எல்லாரும் சேர்ந்து சொல்லும் பொதுப் பாவ அறிக்கை 1552 ஆம் ஆண்டு ஆங்கில ஜெபப் புத்தகத்தில் சேர்க்கப்பட்டது. செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம் என்பதுதான் அதில் முந்தி வரும். செய்யக் கூடாதவற்றைச் செய்தோம் என்பது பிறகுதான். அந்த வரிசையைச் சின்ன வயதிலிருந்து வாய்ப்பாடு மாதிரிச் சொல்லி வந்திருக்கிறேன். கத்தோலிக்கரும் பூசையில் மார்பில் தட்டிக்கொண்டு சிந்தனை, சொல், செயல் என்று சொல்லிவிட்டு, கடமையில் தவறியதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அறிக்கை முடிந்ததும் எங்கள் ஐயர் எழுந்து நின்று மன்னிப்பின் வார்த்தையைச் சொல்வார். மன்னிப்பு இல்லாமல் பாவத்தைப் பற்றி மட்டும் பேசுவது எங்கள் சபையில் பாதி ஆராதனையோடு எழுந்து போவது மாதிரி. ஆலயத்தில் தூரத்தில் நின்று, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று சொன்ன வரிவசூலிப்பவன் நீதிமானாக வீடு திரும்பினான் என்று இயேசு சொன்னார்.

நான் வீடு திரும்பிய கதை அவ்வளவு சுகமில்லை. அந்த ஞாயிறு, அறிக்கையில் செய்யாமல் விட்டோம் என்ற வரிக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை சிலிண்டரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை, கதவை மட்டும் பிடித்துக்கொண்டாள். கியூ புதிதாக நீண்டிருந்தது. சங்கிலியில் வேறு சிலிண்டர்கள். அந்தப் பெண்ணின் அடையாளத்தைச் சொல்லிக் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"பிள்ளையோட நின்ற பெண்ணா? எந்தப் பிள்ளை ஐயா? இங்க எல்லாரும் பிள்ளையோடதான் நிக்கினம்" என்றார்.

கியூவில் முதலாவதாக நின்ற வயோதிபரிடம் சிலிண்டரைக் கொடுத்தேன். எத்தனை ரூபாய் என்று அவர் கேட்டார். வாங்கிய விலையைச் சொன்னேன். காசை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான், அதை இலவசமாகக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நன்றி, வணக்கம்.